நீலக் கம்பியின் வரலாறு

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் படகையோ, குதிரைகளையோ, சக்கரம் பூட்டிய வீட்டையோ இழுத்துச் செல்லும் வாகனங்களில் ஏறிப் பார்த்தவர்கள், சாரதியின் முழங்காலுக்கு மேலே சிறு கறுப்புப் பெட்டி ஒன்று திருகப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அதில் ஓர் எண் ஒளிரும். விரலால் தள்ளக்கூடிய சிறு நெம்பும் இருக்கும். பின்னால் வரும் ட்றெயிலரின் தடுப்பை, அதாவது நாம் பேச்சு வழக்கில் பிறேக் என்று சொல்வதை, இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அது. அதன் முதுகிலிருந்து நான்கு கம்பிகள் புறப்படுகின்றன: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம். அவற்றைப் பொருத்துவது ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் வேலை. ஆனால் அந்த நான்கு கம்பிகளும் அவ்விடத்துக்கு வந்துசேர நூறாண்டுக்கு மேற்பட்ட காலமும் பெருந்தொகையான உயிர்களும் செலவாகியுள்ளன.

இழுக்கப்படும் வண்டியின் சிக்கல் மிகப் பழையது. இழுப்பதற்கு ஒரு கொளுவி போதும். நிறுத்துவதற்கு அது போதாது. முன்னால் செல்வது நின்றாலும் பின்னால் வருவது நிற்க விரும்புவதில்லை. தன் நிறை முழுவதையும் கொண்டு முன்னதைத் தள்ளுகிறது. எங்கள் வயல்களில் ஓடும் லான்ட்மாஸ்ரர் எனப்படும் இரு சில்லு உழவு இயந்திரத்தை ஓட்டுபவர் பெட்டியிலே அமர்ந்திருப்பார். அவருடைய காலடியில் இருக்கும் மிதிதடுப்பும் பெட்டியின் சில்லுகளுக்கே உரியது. நிறை எங்கே இருக்கிறதோ தடுப்பும் அங்கே இருக்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லாது. ஆனால் இழுப்பவர் ஓரிடத்திலும் நிறை அவருக்கு வெகு தொலைவிலும் இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டது புகையிரதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சரக்குப் புகையிரதங்களை நிறுத்தியவர்கள் மனிதர்கள். இயந்திர சாரதி ஊதல் ஒலித்ததும், பெட்டிகளின் கூரைமேல் இருந்த தடுப்பாளர்கள் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குத் தாவி, ஒவ்வொன்றிலும் இருந்த கைச்சக்கரத்தை முறுக்கவேண்டும். மழையிலும் பனியிலும் இரவிலும் இதுவே வேலை. விழுந்து இறந்தவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் குறைவில்லை.

1869 இல் இருபத்திரண்டு வயது இளைஞரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் காற்றுத் தடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்தில் அமுக்கப்பட்ட காற்று குழாய் வழியே பெட்டிகளுக்குச் சென்று தடுப்புகளை அழுத்தும். சாரதி ஒருவரே முழுத் தொடரையும் நிறுத்தலாம். அற்புதமான கண்டுபிடிப்புத்தான், ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. குழாய் அறுந்தால் காற்று வெளியேறிவிடும், தடுப்பும் போய்விடும். தடுப்பு மிகவும் தேவைப்படும் கணம் எதுவோ அந்தக் கணத்தில் அது இல்லாமற் போகும். 1872 இல் வெஸ்ரிங்ஹவுஸ் தம் முறையைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுக் கலனையும், மும்மை வால்வு என்ற ஒன்றையும் வைத்தார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தடுப்பு விலகி நிற்கும்; அழுத்தம் குறைந்தால் கலனிலுள்ள காற்று தடுப்பைப் பிடிக்கச் செய்யும். சாரதி குறைத்தாலும் சரி, குழாய் அறுந்து தானே குறைந்தாலும் சரி, விளைவு ஒன்றே. கட்டளை வந்தால்தான் பிடிப்பது என்பது போய், விலகியிருக்கும்படி இடையறாத கட்டளை வராவிட்டால் பிடிப்பது என்றாயிற்று. தடுப்பின் வரலாற்றில் இதற்கு நிகரான சிந்தனை வேறில்லை என்பது என் கணிப்பு.

சிந்தனை பிறந்துவிட்டது. அதை ஏற்கத்தான் பலருக்கு மனம் வரவில்லை. பிரித்தானியப் புகையிரதக் கொம்பனிகள் பல, மலிவானதும் எளிமையானதும் என்று கருதி, தானியங்கித் தன்மை இல்லாத வெற்றிடத் தடுப்பை வைத்திருந்தன. 1875 இல் நியூவார்க்கில் பல்வேறு தடுப்புகளை ஒப்பிட்டுச் சோதனைகள் நடந்தன. 1878 இல் வந்த ஒரு சட்டம், தாம் எந்தத் தடுப்பைப் பயன்படுத்துகிறோம் என்று கொம்பனிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தரவேண்டும் என்றது. அறிக்கை தரவேண்டும் என்றதே தவிர, மாற்றவேண்டும் என்று சொல்லவில்லை. வர்த்தகச் சபையின் பரிசோதகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்; கொம்பனிகள் செலவைக் காட்டிக்கொண்டே இருந்தன.

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலாப் புகையிரதம் வாரன்பொயின்ற் என்ற கடற்கரை ஊருக்குப் புறப்பட்டது. பதினைந்து பெட்டிகள், தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள். நகரை விட்டதும் ஏற்றம். 75 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் உயரும் அந்தச் சரிவில், உச்சிக்குச் சற்று முன்னால், இயந்திரம் மூச்சிழந்து நின்றுவிட்டது. பின்னால் வழமையான பயணிகள் புகையிரதம் ஒன்று வரவிருந்தது. காத்திருந்து அதன் உதவியைப் பெற்றிருக்கலாம். மாறாக, தொடரை இரண்டாகப் பிரித்து, முன் ஐந்து பெட்டிகளை மட்டும் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு மீண்டு வருவது என முடிவு செய்தார்கள்.

அங்கேதான் அந்த ஓட்டை வாய் திறந்தது. தொடரில் இருந்தது தானியங்கித் தன்மையற்ற வெற்றிடத் தடுப்பு. இயந்திரம் வெற்றிடத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும்வரைதான் அது பிடிக்கும். குழாயைக் கழற்றியதும் பின் பத்துப் பெட்டிகளின் தடுப்பும் விடுபட்டது. அவற்றைத் தாங்கி நின்றவை, கடைசியிலிருந்த காவலர் பெட்டியின் கைத்தடுப்பும், சில்லுகளின் கீழ் வைக்கப்பட்ட சில கற்களும் மாத்திரமே. முன்பகுதி புறப்படுகையில் சற்றுப் பின்னுக்கு வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பிள்ளைகள் நிரம்பிய பத்துப் பெட்டிகளும் சரிவில் பின்னோக்கி உருளத் தொடங்கின. வழியில் ரிக்கற் இல்லாதவர் ஏறாதிருக்கவென்று பெட்டிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஒன்றரை மைல் ஓடி, மேலே வந்துகொண்டிருந்த புகையிரதத்தில் மோதின. எண்பது பேர் இறந்தனர். அவர்களில் பலர் பிள்ளைகள்.

அவ்வாண்டு ஓகஸ்ற் 30 அன்று, மூன்று மாதம் ஆவதற்கு முன்னரே, பிரித்தானிய நாடாளுமன்றத்தின் புகையிரத ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. பயணிகள் புகையிரதம் எல்லாவற்றிலும் தொடர்ச்சியானதும் தானே இயங்குவதுமான தடுப்பு இருக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. இருபது ஆண்டு காலம் அறிக்கைகளால் முடியாததை ஒரு நாள் காலை முடித்துவைத்தது. செய்தித்தாள் அறைகளில் என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம்: "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்ற தொடரை எத்தனை ஆயிரம் தடவை அச்சிட்டிருப்போம் என்று கணக்கில்லை. எந்தத் தடுப்பு, ஏன் பிடிக்கவில்லை, பிடிக்காமற் போகக்கூடிய விதத்தில் அதை அமைத்தவர் யார் என்பவை அந்தத் தொடருக்குள் அடங்குவதில்லை. ஆர்மாவில் அவை விசாரிக்கப்பட்டன. எங்கள் இலங்கைப் புகையிரதங்களிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் பயன்பட்ட வெற்றிடத் தடுப்பு, அந்த விசாரணைக்குப் பின் கட்டாயமாக்கப்பட்ட தானியங்கி வகையே.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. 1886 இலும் 1887 இலும் ஐயோவா மாநிலத்தின் பேர்லிங்டன் நகருக்கருகே ஐம்பது பெட்டிகள் கொண்ட சரக்குத் தொடர்களை வைத்துப் போட்டிச் சோதனைகள் நடந்தன. முன் பெட்டிகளின் தடுப்பு பிடித்த பின்னரும், காற்றழுத்தத்தின் மாற்றம் கடைசிப் பெட்டியை அடையச் சில வினாடிகள் எடுத்தன. அதற்குள் பின் பெட்டிகள் முன் பெட்டிகளின்மேல் பேரதிர்ச்சியுடன் மோதின. மின்சாரத்தால் வால்வுகளைத் திறந்த முறைகளே அங்கு சிறந்து விளங்கின. மின்சாரத்துக்குத் தாமதம் என்பது இல்லையல்லவா? ஆயினும் வெஸ்ரிங்ஹவுஸ் விரைவில் தம் வால்வையே வேகமாக இயங்கும்படி திருத்தி அமைத்தார். மின்சாரம் பின்தள்ளப்பட்டது. 1893 மார்ச்சில் ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் கையொப்பமிட்ட பாதுகாப்புச் சாதனச் சட்டத்தோடு காற்றுத் தடுப்பு அமெரிக்கப் புகையிரதத்தின் நியதியாயிற்று. பிற்காலத்தில் பெரும் பாரவூர்திகளும் அந்த வழியையே பின்பற்றின. அவற்றின் பின்பெட்டி கழன்றோடினால், காற்று இழக்கப்பட்ட கணத்திலேயே தடுப்பு இறுகிவிடும்.

தோற்ற மின்சாரம் வேறொரு வாசலால் உள்ளே வந்தது. விஸ்கொன்சின் மாநிலத்தின் பெலோயிற் நகரைச் சேர்ந்த ஆர்தர் வோர்னர் சகோதரருடன் சேர்ந்து மோட்டார் வண்டிகளுக்கு வேகமானி செய்து பொருளீட்டியவர். ஸ்ருவார்ட்-வோர்னர் என்ற பெயரின் பிற்பாதி அவருடையதே. 1909 இல் ஒரு கேர்ட்டிஸ் விமானத்தை வாங்கித் தாமே பறந்துபார்த்த துணிச்சற்காரர். அவர் 1927 இல் மின் தடுப்புக்கென ஒரு கொம்பனியைத் தொடங்கினார்.

அந்தத் தடுப்பின் சூட்சுமம் அழகானது. சில்லோடு சேர்ந்து சுழலும் ட்ரமின் உட்புறத்தை நோக்கி, ஒரு நெம்பின் நுனியில் சிறு மின்காந்தம் ஒன்று இருக்கும். மின்னோட்டம் பாய்ந்ததும் காந்தம் சுழலும் ட்ரமின் முகத்தில் ஒட்டிக்கொள்ள முயலும். ட்ரம் அதைத் தன்னோடு இழுக்கும், நெம்பு திரும்பும், நெம்பு தடுப்புக் கட்டைகளை ட்ரமின்மேல் அழுத்தும். சில்லின் சுழற்சியே சில்லை நிறுத்தும் வேலையைச் செய்கிறது. ஆகவே காந்தம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 அம்பியர் போதும். இரண்டு அச்சும் நான்கு சில்லும் கொண்ட ட்றெயிலருக்கு 12 அம்பியர். காற்றமுக்கி வேண்டாம், எண்ணெய்க் குழாய் வேண்டாம். ஒரு கம்பி போதும். 1930களில் அமெரிக்காவில் சுற்றுலா ட்றெயிலர்கள் பெருகியபோது இந்த எளிமைக்கு இருந்த கவர்ச்சியைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் கவனியுங்கள். இந்தத் தடுப்பு மின்சாரம் வந்தால் பிடிக்கும். மின்சாரம் நின்றால் விட்டுவிடும். 1872 இல் கைவிடப்பட்ட முறை, ஆர்மாவில் எண்பது பேரைக் கொன்ற முறை, சாலையில் மீண்டும் பிறந்துவிட்டது! தலைகீழாக்குவது கடினமும் செலவும் மிக்கது. தடுப்பை இடையறாது விலக்கி வைத்திருக்க ஓயாத மின்னோட்டமும் வலிய வில்லுகளும் வேண்டும். தரித்து நிற்கும் ட்றெயிலரின் பற்றறி தீர்ந்தால் அதை அசைக்கவும் முடியாது. எனவே தத்துவத்தை மாற்றாமல் ஒட்டுப் போட்டார்கள். ட்றெயிலரிலேயே ஒரு சிறு பற்றறி. அதற்கும் காந்தங்களுக்கும் இடையே ஓர் ஆளி. ஆளிக்குள் ஒரு முளை. முளையிலிருந்து இழுக்கும் வாகனத்துக்கு ஓர் உருக்கு நாண். ட்றெயிலர் கழன்றோடினால் நாண் முளையைப் பிடுங்கும், ஆளி மூடும், காந்தங்கள் முழு மின்னழுத்தத்தையும் பெறும். அமெரிக்கக் கூட்டாட்சியின் வர்த்தக வாகன விதி, கழன்ற ட்றெயிலரின் தடுப்பு குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்கவேண்டும் என்கிறது. 12 அம்பியர் 15 நிமிடத்துக்கு என்றால் 3 அம்பியர்-மணி. சிறிய பற்றறி போதும். அது உயிரோடு இருந்தால்.

கட்டளையை வாகனத்திலிருந்து எடுத்துச் செல்லும் கருவியின் கதை தனி. தொடக்ககாலக் கருவிகள் வெறும் மாறுதடைகள். பின்னர் நெடுங்காலம் கோலோச்சியவை, இழுக்கும் வாகனத்தின் தடுப்பு எண்ணெய்க் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, மிதியின் அழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்த கருவிகள்; கெல்சி-ஹேய்ஸ் என்ற பெயர் அந்நாளைய பொறிவினைஞர்களுக்கு நன்கு பழக்கமானது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே ட்றெயிலரும் பிடிக்கும். இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. ஆயினும் சில்லு பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். முறை பரவியதும் அந்தக் குழாய் தீண்டத்தகாததாயிற்று. அதில் கிளை பிரிப்பது வாகனத்தின் தடுப்பையே பழுதாக்கும் என்று உற்பத்தியாளர்கள் தடுத்தார்கள்.

அதன் பின்னர்தான் நான்கு கம்பிக் கருவி ஆட்சிக்கு வந்தது. எண்ணெய் அழுத்தம் இனித் தெரியாது. மிதியில் கால் வைக்கப்பட்டதா என்பது மட்டுமே தெரியும். அதைச் சொல்வது சிவப்புக் கம்பி. மிதியை அழுத்தும்போது மாத்திரம் மின்சாரம் வரும் பக்கத்தில், அதாவது ஆளிக்கும் தடுப்பு விளக்குக்கும் இடையில், அது இணைக்கப்படவேண்டும். ஆளியின் மறுபக்கத்தில் எப்போதும் மின்சாரம் உண்டு. தவறி அங்கே இணைத்தால், சாரதி ஓயாமல் தடுப்பை மிதித்துக்கொண்டிருக்கிறார் என்றே கருவி நம்பும். மலிவான கருவிகள் செய்தி வந்ததும் குறித்த நேரத்தில் குறித்த அளவுக்கு மின்னோட்டத்தை உயர்த்தும். மெல்ல மிதித்தாலும் திடீரென மிதித்தாலும் அவற்றுக்கு ஒன்றே. நல்லவை வாகனம் எவ்வளவு வேகமாக வேகமிழக்கிறது என்பதை, முதலில் ஊசலாலும் பின்னர் இலத்திரனியல் உணரிகளாலும் அளந்து, அதற்கேற்ற பங்கைப் பின்னால் அனுப்பும்.

கறுப்புக் கம்பி பற்றறியின் நேர்முனைக்கு, தானே துண்டித்துத் தானே இணையும் சுற்றுடைப்பான் ஒன்றின் ஊடாகச் செல்லும். வெள்ளை எதிர்முனைக்கு. வாகனத்தின் இரும்பு ஏதேனும் ஒன்றில் திருகிவிட்டால் எர்த் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. துருப்பிடித்த திருகாணி ஒன்று பத்திலொரு ஓம் தடையைத் தந்தாலே, 12 அம்பியரில் 1.2 வோல்ற் அங்கே தொலைந்துபோகும். பத்திலொரு பங்கு மின்னழுத்தத்தை இழந்த ட்றெயிலர் பத்திலொரு பங்கு சோம்பலாகப் பிடிக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் வினாடிக்கு 28 மீற்றர் ஓடுகிறது என்பதை நினைத்தால் அந்தத் திருகாணியின் விலை புரியும்.

நீலம் பின்னால் செல்வது. வாகனத்தின் முழு நீளத்தையும், உப்பும் சேறும் படியும் பிளக்கையும் கடந்து காந்தங்களை அடைவது. வெஸ்ரிங்ஹவுஸின் குழாய் அறுந்தால் அதை உலகமே அறியும். நீலக் கம்பி அறுந்தால், பழைய கருவிகளில் அதைச் சொல்ல எதுவும் இல்லை; ட்றெயிலர் கழலாதபடியால் முளையும் பிடுங்கப்படாது. அடுத்த இறக்கத்தில் பின்னாலிருந்து வரும் தள்ளலே முதல் அறிவிப்பு. இன்றைய நல்ல கருவிகள் இணைப்பு அறுந்ததைத் திரையில் காட்டுகின்றன. 2005 இல் போர்ட் நிறுவனம் தன் பெரிய பிக்கப் வண்டிகளில் இக்கருவியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தத் தொடங்கிய பின்னர், வாகனத்தின் சொந்தத் தடுப்புக் கணினியோடு அது நேரடியாகப் பேசவும் முடிந்தது. மிதியின் அழுத்தம் மீண்டும் ட்றெயிலருக்குத் தெரியலாயிற்று.

அந்தச் சிறு நெம்பைப் பற்றியும் ஒரு சொல். அது அழகுக்கு வைத்ததல்ல. ட்றெயிலர் பாம்புபோல் நெளியத் தொடங்கும்போது வாகனத்தின் தடுப்பை மிதித்தால் நெளிவு மிகும். நெம்பைத் தள்ளி ட்றெயிலரை மட்டும் பிடித்தால், பின்னே இழுபடும் நாடாவைப் போல் அது நேராகும்.

உலகெங்கும் சிதறியிருக்கும் எம்மவர் ஒரு நாட்டின் அனுபவத்தை மறு நாட்டுக்குக் கொண்டுசெல்லும்போது எச்சரிக்கை வேண்டும். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுலா ட்றெயிலர்களில் பெரும்பாலும் இக்கருவியே இல்லை. ட்றெயிலர் முன்னோக்கித் தள்ளும் விசையே ஒரு தண்டின் மூலம் அதன் தடுப்பைப் பிடிக்கச் செய்கிறது. அங்கே பழைய ஏழு முனைப் பிளக்கில் நீலம் என்றால் பின் பனி விளக்கு! அவுஸ்திரேலியாவிலோ நீலம் தடுப்புத்தான். 2 தொன்னுக்கு மேற்பட்ட ட்றெயிலரில் எல்லாச் சில்லுக்கும் தடுப்பும், கழன்றால் பிடிக்கும் ஏற்பாடும் அங்கே கட்டாயம். வட அமெரிக்காவிலேயே பாரவூர்திகளின் பிளக்கில் நீலம் வேறு வேலைக்குரியது. நிறத்தை நம்பாமல், சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்து இணைப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

நாணின் மறு நுனி வாகனத்தின் சட்டகத்திலேயே கட்டப்படவேண்டும். கழலக்கூடிய கொளுவியிலோ, பாதுகாப்புச் சங்கிலியிலோ அல்ல. அதைச் சோதிக்கும் முறை எளிது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், இல்லையேல் மின்சாரம் நீலக் கம்பி வழியே திரும்பிப் பாய்ந்து சில கருவிகளைப் பழுதாக்கும். பின்னர் முளையைப் பிடுங்கிவிட்டு வாகனத்தை மெல்ல முன்னே நகர்த்திப் பாருங்கள். பற்றறி உயிரோடு இருந்தால் ட்றெயிலரின் சில்லுகள் உருள மறுத்து, சரளைக் கற்களில் கோடு கீறிக்கொண்டு இழுபடும்.